உலக சாசனமும் உடன்பிறந்தவனும்

அரசாங்கத்தின் பதில் மனுவில் தன் பெயரைப் பார்த்ததும் பேராசிரியைக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எந்தத் தாளைப் பிரித்தாலும் தன் பெயர் இருக்கிறதா என்று தேடித் தேடிப் பழகிய கண்கள் அவை. அடுத்த வரியைப் படித்த பிறகுதான் அந்தச் சந்தோஷம் வடிந்தது. தம்பியின் வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அரசாங்கம் காட்டிய முதல் ஆதாரமே அவள் எழுதிய புத்தகம்.

தம்பி அந்த நேரம் அவளுடைய சமையலறையில் துணி துவைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பரப்பிக்கொண்டிருந்தான். இயந்திரம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் சரியில்லை என்று சொல்லிவிட்டான், அவ்வளவுதான். அவன் கப்பலில் தலைமை எஞ்சினியர். அதனால் வீட்டிலும் எல்லோருக்கும் 'சீஃப்'. பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுவாள். கரையில் மாட்டிக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாம் அவன் கையில் ஒருமுறை உயிர் போய் உயிர் வந்திருந்தன. எதிர்வீட்டுக்காரர் தன் காரை அடுத்த தெருவில் நிறுத்த ஆரம்பித்திருந்தார்.

அவன் ஆசைப்பட்டுக் கரையில் உட்காரவில்லை. நாடுகள் எல்லாம் கூடி அமைத்திருக்கும் உலக மன்றத்தின் தடைப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. அவன் வேலை பார்த்த கப்பல் ஒரு பயணத்தில், போகக் கூடாத துறைமுகம் ஒன்றுக்கு ஆயுதம் கொண்டுபோய்விட்டதாம். மன்றத்தின் தடைக் குழு, கேப்டன் முதல் சமையல்காரர் வரை கப்பலில் இருந்த அத்தனை பேரையும் ஒரே மூச்சில் பட்டியலில் சேர்த்துவிட்டது. பட்டியலில் இருப்பவன் எந்த நாட்டு எல்லையையும் தாண்ட முடியாது. எந்தக் கம்பெனியும் அவனைக் கப்பலில் ஏற்ற முடியாது. இதில் கொடுமை என்னவென்றால், சீஃப் அந்தப் பயணத்தில் கப்பலிலேயே இல்லை. முந்தைய துறைமுகத்தில் குடல்வால் வெடித்து, இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வயிற்றில் தையல் இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சான்று இருக்கிறது, அறுத்த டாக்டரே இருக்கிறார். இதையெல்லாம் பார்க்கத்தான் ஆள் இல்லை. தடைக் குழு யாரையும் கூப்பிட்டு விசாரிப்பதும் கிடையாது, காரணம் சொல்வதும் கிடையாது.

இந்த ஆண்டு முடிவதற்குள் கடலுக்குப் போகாவிட்டால் அவனுடைய எஞ்சினியர் சான்றிதழ் காலாவதியாகிவிடும். பழையபடி அடியிலிருந்து பரீட்சை எழுத வேண்டும், அதுவும் பட்டியலிலிருந்து பெயர் போனால். நாற்பத்தைந்து வயதில் அது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே சொந்த நாட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டான். உலக மன்றம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், என்னை விசாரிக்காமல் என்னை முடக்க என் அரசாங்கத்துக்கு உரிமை இல்லை என்பது மனு.

பேராசிரியை அந்தப் புத்தகத்தை எழுதியபோது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. கோபம் நிறைய இருந்தது. பெரிய நாடுகள் சின்ன நாடுகளை மிதித்துக்கொண்டு போவதையும், கேட்டால் நாங்கள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லையே என்று கையை விரிப்பதையும் பார்த்து வயிறெரிந்து எழுதியது. சர்வதேச சட்டம் என்பது வெறும் ஒப்பந்தக் குவியல் இல்லை, அது உலகத்துக்கே ஒரு சாசனம், ஒரு நாட்டின் சாசனம் அந்த நாட்டு அரசாங்கத்துக்குக் கடிவாளம் போடுவதுபோல் இது எல்லா நாடுகளுக்கும் கடிவாளம் போடும் என்பது அவள் கட்சி. நல்ல கட்சிதான். ஆனால் சாசனம் என்றால் உச்சியில் யாராவது வேண்டுமே! உலக மன்றத்தைத் தூக்கி அங்கே உட்கார வைத்தாள். உட்கார வைத்த வேகத்தில், மன்றத்தின் முடிவை எந்த நாட்டு நீதிமன்றமும் தொட்டுப் பார்க்கக் கூடாது என்றும் எழுதி வைத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அந்தப் பக்கத்தால்தான் அவளுக்குப் பேராசிரியர் பதவியே கிடைத்தது என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். அதில் பொய் அதிகம் இல்லை.

அந்தப் பக்கம் அரசாங்கத்தின் கைக்கு எப்படிப் போனது என்பதுதான் வேடிக்கை. அவளே கொடுத்தாள். தம்பிக்காக வாதாடும் வக்கீலம்மா மேற்கோள் நூல்களைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது, என் புத்தகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நாற்பதாம் பக்கத்தில் மனித உரிமை பற்றி நல்ல வரி ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நூல் பட்டியல் ஒன்றைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அதில் தன் புத்தகத்தைச் சேர்க்காமல் எந்தப் பேராசிரியராலாவது இருக்க முடியுமா? எதிர்த்தரப்பு நாற்பதாம் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும் என்று நினைத்தாளோ என்னவோ.

தம்பியிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். சொன்னாள். அவன் ஸ்பேனரைக் கீழே வைக்காமல் கேட்டான், அந்தப் பக்கத்தில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று. அக்காவின் புத்தகத்தை அவன் படித்ததே இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் பெட்டியில் எடுத்து வைப்பான், திரும்பி வரும்போது மடிப்புக் கலையாமல் அப்படியே கொண்டுவருவான். அவள் விளக்கிச் சொன்னாள். வகுப்பில் சொல்வதுபோல் ஆரம்பித்து, பாதியில் குரல் இறங்கிவிட்டது.

அவன் கொஞ்சம் யோசித்தான். கப்பலில் கேப்டன் வைத்ததுதான் சட்டம், ஆனாலும் கேப்டன் மேலேயே புகார் இருந்தால் அடுத்த துறைமுகத்தில் இறங்கி அதிகாரியிடம் சொல்ல வழி இருக்கிறது, சுவரில் எழுதியே ஒட்டியிருப்பார்கள் என்றான். பிறகு கேட்டான்:

"இந்தக் குழு மேல புகார் சொல்லணும்னா யார்கிட்ட போறது?"

"அந்தக் குழுகிட்டயேதான்," என்றாள்.

அவன் சிரித்தான். அவளுக்குத்தான் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அன்றைக்கு இயந்திரத்தை மாட்டி முடித்து ஓடவிட்டான். பழைய சத்தம்தான் வந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வகுப்பில் பாடம் பாதியில் நிற்கும். வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்காருவாள், எழுந்து நடப்பாள், மறுபடி உட்காருவாள். இந்தச் சமயம் பார்த்துப் பதிப்பகத்தார் புத்தகத்துக்குப் புதிய பதிப்பு கேட்டார்கள். கேட்டதுதான் தாமதம், கடைசியில் சேர்க்க ஓர் அத்தியாயம் எழுதத் தொடங்கினாள். சாசனம் என்றால் ஒருவரை உச்சியில் உட்கார வைப்பது என்று இளவயதில் நினைத்துவிட்டேன், உச்சியில் இருப்பவரைக் கீழே இருப்பவன் கேள்வி கேட்க வழி வைப்பதுதான் சாசனம், அந்த வழி இல்லாத இடத்தில் இருப்பது வெறும் அதிகாரம், அதற்குச் சாசனம் என்று நானே பெயர் சூட்டி மாலையும் போட்டுவிட்டேன் என்று எழுதினாள். எழுத எழுத உடம்பில் ஒரு சூடு ஏறியது. இளவயதில் ஏறிய அதே சூடு. அத்தியாயத்துக்கு ஒரு குறைதான் இருந்தது. துணிந்து உலக மன்றத்தை மறுத்துச் சொன்ன ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். அது கூடிய சீக்கிரம் தம்பி வழக்கில் வரும் என்று நம்பினாள். அத்தியாயத்தில் தம்பி 'மனுதாரர்' ஆகிவிட்டான். அவள் அதைக் கவனிக்கவில்லை.

அரசாங்கத்தின் வக்கீல் அவளுடைய பழைய மாணவன். கெட்டிக்காரன், மரியாதை தெரிந்தவன். ஒரு நாள் மதியம் பல்கலைக்கழகக் கேன்டீனுக்கே தேடி வந்தான். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதியிலிருந்துதான் மேற்கோள் காட்டினானாம். அதைச் சொல்லிவிட்டு, தப்பாக நினைக்கக் கூடாது என்று நெளிந்தான். ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல், வந்த காரியத்தைச் சொன்னான்.

"மனுவை வாபஸ் வாங்கிடுங்க மேடம். அமைச்சகத்துல இருந்து குழுவுக்கு எழுதுறோம். ஒரு நாடே கேட்டா அவங்க மறுக்க மாட்டாங்க. மூணு மாசத்துல பேரை எடுத்துடுவாங்க."

தீர்ப்பு வந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். எங்களுக்கு எதிராக வந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறோம் என்று அவன் ஒளிக்காமல் சொன்னான். நீதிபதியின் போக்கு அப்படித் தெரிகிறது, வந்துவிட்டால் உலக மன்றத்துக்கு யார் பதில் சொல்வது, பட்டியலில் இருக்கிற ஆயிரம் பேரும் அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்களே என்றான். அப்படியானால் கப்பலில் இருந்த மற்றவர்கள் கதி? அவரவர் நாட்டை அவரவர் கேட்க வேண்டியதுதான் என்று தோளைக் குலுக்கினான். கடைசி விசாரணைக்கு முன்பு பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

பேராசிரியை யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தாள். என்ன யோசித்தாள்? தம்பியிடம் போய் இதைச் சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்கே, கேன்டீன் வாசலில் இருந்தே போன் போட்டு. சொல்லவில்லை. ஆயிரம் பேர் என்ற வார்த்தை காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. தம்பி ஒருவன் பின்வாசல் வழியாகப் போவதா, ஆயிரம் பேருக்கு முன்வாசல் திறப்பதா? நியாயமான கேள்விதான். ஆனால் அதை அவள் தனக்குள்ளேயே கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு வாரம் ஓடிவிட்டது. தம்பி வந்தால் கண்ணைப் பார்க்காமல் பேசினாள். அவன் அவளுடைய கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

குட்டு உடைந்தது தம்பி மனைவியிடம். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், அதிகம் பேசமாட்டாள். பதில் வராததால் அரசாங்க வக்கீலின் அலுவலகத்திலிருந்து தம்பி வீட்டுக்கே போன் செய்து, வாபஸ் விஷயம் என்ன முடிவாயிற்று என்று கேட்டுவிட்டார்கள். எந்த வாபஸ் என்று அவள் கேட்க, எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பேராசிரியை வீட்டுக்கு வந்தார்கள். அவள் மேஜையில் அத்தியாயத்தின் தாள்கள் பரந்து கிடந்தன. தம்பி மனைவி உட்காரவில்லை.

"அண்ணி, ஒரே ஒரு விஷயம் கேக்கறேன். வாபஸ் வாங்கினா இவர் கப்பலுக்குப் போயிடுவாருன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியும் என்று பேராசிரியை சொன்னாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பேச்சு வந்தது, மடை திறந்த மாதிரி. சலுகையாகக் கிடைப்பது உரிமை ஆகாது என்றாள். தீர்ப்பு வந்தால் அது எல்லோருக்குமான தீர்ப்பு என்றாள். அந்தக் கப்பல் சமையல்காரரை நினைத்துப் பார், வேறொரு நாட்டில் மாட்டிக்கொண்டு, பெற்ற பிள்ளையைப் பார்க்காமல் கிடக்கிறாரே, அவருக்காகப் பேச அக்கா இருக்கிறாளா, அமைச்சகம் இருக்கிறதா, அவருக்கும் சேர்த்துத்தானே இது என்றாள். சொன்னது எதுவும் தவறில்லை என்பதுதான் கஷ்டம்.

சீஃப் எல்லாவற்றையும் கேட்டான். கோபப்படுவான் என்று இரண்டு பெண்களும் எதிர்பார்த்தார்கள். அவன் மேஜை மேல் இருந்த தாள் ஒன்றை எடுத்தான், படிக்காமல் திரும்ப வைத்தான்.

"சமையல்காரர்கிட்டக் கேட்டியாக்கா?"

அவள் அந்தத் தாளை எடுத்து மற்றத் தாள்களோடு சேர்த்து அடுக்கினாள்.

"அப்ப மன்றத்தை மேல உக்கார வெச்சப்பயும் யாரையும் கேக்கல. இப்ப இறக்கறப்பவும் என்னைக் கேக்கல. ரெண்டு தடவையும் நீயே முடிவு பண்ணிட்ட."

சத்தமில்லாமல்தான் சொன்னான். அவளுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. இத்தனை நாளாகத் தடைக் குழுவை எதற்காகத் திட்டி எழுதினாளோ, அதையே தன் வீட்டில், தன் கூடப் பிறந்தவனுக்குச் செய்திருக்கிறாள். காரணம் சொல்லாமல், கூப்பிட்டுக் கேட்காமல், அவன் நல்லதுக்கு என்று. வெட்கம் பிடுங்கித் தின்றது. உனக்கு என்னதான் வேணும் சொல்லு என்று கேட்டாள். அந்த வழக்கு தொடங்கியதிலிருந்து அவள் அவனிடம் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

அவன் பால்கனிக்குப் போனான், வந்தான், திரும்பவும் போனான். சமையல்காரரின் மீன் குழம்பை இறக்கிவைக்கும்போதே ஒரு தட்டு சீஃபுக்குத் தனியாகப் போய்விடுமாம். அத்தனை வருடம் கைச்சாப்பாடு சாப்பிட்டவன் எப்படி மனசறிந்து விட்டுவிட்டுப் போவது என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கரையில் இனி ஒரு மாதம் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. கடைசியில் வந்து உட்கார்ந்தான். கப்பலுக்குப் போகணும் என்றான். அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் வக்கீலம்மா நீதிமன்றத்தில் எழுந்து மனுவைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை துடைத்துக்கொண்டு, இந்த வழக்கில் சொல்வதற்கு நிறைய வைத்திருந்தேன் என்று மட்டும் சொன்னார். பிறகு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். பழைய மாணவன் போகிற போக்கில் அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தான். அவனைக் குறை சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை, சொன்னால் சொன்னபடி செய்கிறவன்.

அன்று மாலை சீஃப் சமையல்காரருக்குப் போன் செய்தான். பேராசிரியை பக்கத்தில் இருந்தாள். சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்து, அது வராமல், போட்டு உடைத்துவிட்டான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் அவளுக்கும் கேட்டது. "நல்லா இருங்க சீஃப்" என்று மட்டும். அதற்குப் பிறகு சமையல்காரர் அவன் போனை எடுக்கவே இல்லை.

அமைச்சகம் எழுதியது. மூன்று மாதம் என்று சொன்னது நாலு மாதம் ஆயிற்று. ஒரு நாள் பெயர் பட்டியலில் இல்லை. எதற்காகச் சேர்த்தார்கள் என்று சொல்லாததுபோலவே எதற்காக எடுத்தார்கள் என்றும் சொல்லவில்லை. தவறுக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி இருக்கும் என்று தம்பி மனைவி எதிர்பார்த்தாள். அவளுக்கு அது தேவைப்பட்டது. வரவில்லை. கம்பெனி மட்டும் உடனே கூப்பிட்டது, ஆண்டு முடிய இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. பேராசிரியையின் அத்தியாயம் முடிவில்லாமல் நின்றது. பதிப்பகத்தார் நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள், அவள் பிடி கொடுக்கவில்லை.

வழியனுப்பத் துறைமுகத்துக்கு அவளும் போனாள். தம்பி மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. வாசலில் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் சாமான்களோடு ஒரு வரிசை. சீஃபின் முறை வந்தபோது காவலர் பாஸ்போர்ட்டை வாங்கிக் கணினியில் போட்டார். கணினி மெதுவாக வேலை செய்தது. காவலர் கொட்டாவி விட்டபடி, ஒரு நிமிஷம் சார் என்றார். அது தினம் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தை. ஆனால் சீஃபின் முகம் வெளிறிவிட்டது. திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், மெல்லக் கேட்டான்.

"ஏன் எடுத்தாங்கன்னு உனக்காவது தெரியுமாக்கா?"

"தெரியாது."

"அப்படின்னா மறுபடியும் போடலாம்ல?"

உலகத்தின் சாசனத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒரு காலத்தில் பேசிக்கொண்டார்கள். இப்போது அவனிடம் சொல்ல ஆறுதலாக ஏதாவது இருக்கிறதா என்று மனசுக்குள் எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தாள். அவனை இன்னொரு தடவை ஏமாற்ற மனம் வரவில்லை.

"போடலாம்," என்றாள்.

அவன் தலையாட்டினான். காவலர் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். சீஃப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஓடாத குறையாகக் கப்பலை நோக்கி நடந்தான், யாரோ பின்னால் கூப்பிட்டுவிடுவார்கள் என்பதுபோல. திரும்பிக் கை காட்டவில்லை. கப்பல் துறைமுகத்தை விட்டு நகர மாலையாகிவிட்டது. அதுவரை பேராசிரியை தடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பக்கத்தில் இருந்த பெண்மணி, தம்பி மேல் இத்தனை பாசமா என்று கேட்டாள். பாசத்துக்காக நிற்கவில்லை. அவனை இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.